கடன் வாங்கி வந்த கண்டக்டர்கள்

லண்டன் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் 1956இல் கரீபியத் தீவான பார்படோஸுக்கே போய் ஆள் எடுக்கத் தொடங்கியது. போருக்குப் பிந்தைய லண்டனில் வேலைக்குப் பஞ்சமில்லை. விடியற்காலை ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை டியூட்டி, சுமாரான சம்பளம் என்றிருந்த பஸ் வேலைக்குத்தான் உள்ளூர்க்காரர்கள் வரவில்லை. கரும்பை நம்பியிருந்த பார்படோஸிலோ ஆள் இருந்தது, வேலை இல்லை. 1966இல் டிரினிடாடுக்கும் ஜமைக்காவுக்கும் விரிந்த இந்த ஏற்பாடு 1970 வரை நீடித்தது.

கையில் வேலையோடு கப்பல் ஏறியதே இதன் பெரிய பலம். 1948இல் கரீபியத்திலிருந்து எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர், கிளாபம் சவுத் ரயில் நிலையத்துக்கு அடியிலிருந்த போர்க்காலப் பதுங்குகுழியில் படுத்துக்கொண்டுதான் வேலை தேடினார்கள். பார்படோஸ்காரர்கள் அப்படி அலைய வேண்டியிருக்கவில்லை. தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் ஊரிலேயே முடிந்துவிட்டன. கப்பல் கட்டணத்தை அவர்கள் நாட்டு அரசே கடனாகக் கொடுத்ததால் தரகர்களுக்கும் வட்டிக்காரர்களுக்கும் வேலையில்லாமல் போனது.

ஆனால் அந்தக் கடன் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. ஆள் தேவைப்பட்டது லண்டனுக்கு. வழிச்செலவு விழுந்ததோ தொழிலாளியின் தலையில். கடன் தீரும்வரை, வேலை பிடிக்காவிட்டாலும் விட்டுப்போவது எளிதல்ல. அந்தச் சிறிய தீவு தன் செலவில் படிக்கவைத்த இளைஞர்களைப் பறிகொடுத்ததும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஆள் எடுப்பதில் காட்டிய அக்கறை, எடுத்தபின் அவர்களைக் காப்பதில் இல்லை. வேலையில் நிறபேதம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1968இல்தான் வந்தது. 1965இன் சட்டம் பொது இடங்களோடு நின்றுவிட்டது. திட்டத்தின் முதல் 12 ஆண்டுகள் சட்டப் பாதுகாப்பின்றியே கழிந்தன. லண்டனில் கறுப்பினக் கண்டக்டர்கள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரிஸ்டல் பஸ் நிறுவனம் கறுப்பினத்தவரைக் கண்டக்டர், டிரைவர் வேலைக்கு எடுக்கவே மறுத்தது. அங்கிருந்த தொழிற்சங்கக் கிளையும் அதற்கு உடந்தை. 1963இல் பால் ஸ்டீபன்சன் என்பவர் முன்னின்று நடத்திய நான்கு மாதப் பஸ் புறக்கணிப்புக்குப் பிறகே நிறுவனம் இறங்கிவந்தது. அந்தத் தடை நீங்கி முதலில் கண்டக்டரானவர் கரீபியர் அல்ல, ஒரு சீக்கியர் என்பது ஒரு வேடிக்கை.

ரயில்வேயிலும் இதே கதைதான். டொமினிக்காவிலிருந்து வந்த அஸ்குவித் சேவியர், யூஸ்டன் நிலையத்தில் கார்டு வேலை கேட்டபோது நிறத்தைக் காரணங்காட்டி மறுக்கப்பட்டார். விவகாரம் அமைச்சர்வரை போய், 1966 ஆகஸ்டில்தான் அவரால் அங்கே பணியேற்க முடிந்தது.