அடுத்தவர் பலகை

கைட் என்னும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் கைட்சர்ஃபிங் என்றாலே எல்லோர் கண்ணிலும் நிற்பது தாவல்தான். கேப்டவுன் கடலில் 30 மீட்டருக்கும் மேலே எழும்பி, சேதமில்லாமல் தண்ணீரில் வந்து இறங்குகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றபோது, மார்செய் கடலில் வேகத்துக்குப் பதக்கம் கொடுத்தார்கள். உயரத்துக்கும் வேகத்துக்கும் அளவுகோல் இருக்கிறது. எந்த நடுவரும் மதிப்பெண் போடாத ஒரு காரியமும் அதே தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கிறது. விழுந்து, பலகையைப் பறிகொடுத்துத் தத்தளிக்கும் ஒருவருக்கு, முன்பின் தெரியாத இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டுவந்து சேர்ப்பது. இந்த விளையாட்டில் நான் அலுக்காமல் பார்ப்பது அதைத்தான்.

பார்ப்பதற்குக் கற்பிட்டி நல்ல இடம். இலங்கையின் வடமேற்கில், ஒரு பக்கம் புத்தளம் களப்பும் மறுபக்கம் திறந்த கடலுமாக வடக்கே நீளும் ஒடுக்கமான நிலம் அது. மே மாதம் தென்மேற்குக் காற்றான கச்சான் பிடித்தால் செப்டம்பர் தாண்டியும் விடாது. அக்கரையில் இராமேஸ்வரத்திலும் இதே கச்சான்தான். அங்கும் இப்போது கைட் பறக்கிறது. குடாவக் களப்பில் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும், ஆழமும் குறைவு. அங்கே பலகை நழுவினால் நடந்தே போய்ப் பிடிக்கலாம். இல்லையென்றால் எதிர்க்கரையில் தானாக ஒதுங்கும். மணல்திட்டைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டால் அந்தச் சலுகை கிடையாது. பலகை மீட்கும் கலையின் அருமை தெரிவது அங்கேதான்.

பலகை எப்படித் தொலைகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அது திரும்பி வருவதை ரசிக்க முடியும். பலகை ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், மூன்று நான்கு கிலோ எடை. கால்கள் அதன் பட்டைகளுக்குள் செருகித்தான் இருக்கின்றன, கட்டப்பட்டிருப்பதில்லை. வேகத்தில் விழுந்தால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆளின் இடுப்பு ஹார்னஸில் இருபது மீட்டருக்கு மேல் நீளும் லைன்கள். அவற்றின் முனையில் கைட். அதை நேர் உச்சியில் நிறுத்தி வைத்திருந்தாலும் அது அவரைக் காற்று போகும் பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பலகையோ நீர்மட்டத்தோடு படிந்து கிடப்பதால் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. ஆக, பலகை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே கிடக்க, அதன் சொந்தக்காரர்தான் விலகிப் போகிறார். தலை மட்டும் வெளியே தெரிய மிதக்கிறவருக்கு அரை மீட்டர் அலைகூடச் சுவர். கொஞ்ச தூரத்தில் கிடக்கும் பலகை கண்ணுக்கே படாது.

பலகையைக் கயிறு போட்டுக் காலில் கட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். ஆரம்ப காலத்தில் கட்டித்தான் பார்த்தார்கள். விழுந்தவரைக் கைட் முன்னே இழுக்க, பின்தங்கிய பலகை கயிற்றை விறைக்கவைத்து, விட்டதும் பாய்ந்து வந்து தலையில் அடித்தது. அதனால் பெரும்பாலான கைட்சர்ஃபிங் பள்ளிகள் கயிற்றை ஒதுக்கிவிட்டு, பலகை இல்லாமலே காற்றை எதிர்த்து நகரும் வித்தையைப் பலகையில் ஏற்றுவதற்கு முன்பே கற்றுக்கொடுக்கின்றன. கைட்டை ஒரு பக்கமாக 45 பாகை சாய்த்து நிறுத்தி, ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைக் காற்று வரும் பக்கமாகத் தண்ணீருக்குள் விறைப்பாக நீட்ட வேண்டும். அந்தக் கைதான் அப்போது துடுப்பு. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குறுக்கும் நெடுக்குமாக இழுபட்டு மேலேறலாம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மிஞ்சுவது சில அடிகள்தான். தெம்பு இருப்பவருக்கு அது போதும். வாயில் உப்புத் தண்ணீரும் தோளில் வலியுமாக இருப்பவருக்குப் போதாது.

அப்போது ஒருவர் பாதை மாற்றிவருவதைக் கவனியுங்கள். தேர்ந்தவர் நேராகப் பலகையிடம் போகமாட்டார். முதலில் ஆளைப் பார்ப்பார். கைட் உச்சியில் அமைதியாக நிற்கிறதா, தலை நிமிர்ந்திருக்கிறதா, கை அசைகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிவந்து தெரிந்துகொள்வார். கைட் தண்ணீரில் விழுந்து கிடந்தால் பலகைப் பேச்சுக்கே இடமில்லை. விழுந்த கைட் எந்த நொடியிலும் காற்றைப் பிடித்துச் சீறி எழலாம். தளர்ந்து மிதக்கும் லைன்கள் அருகே வருகிறவரையும் வளைத்துக்கொள்ளும். ஆகவே, அது எழும்வரை விலகியே நிற்பார்.

ஆள் பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் பலகை. சாதாரணமாகச் செய்வது இது: பலகையை நெருங்கி, கைட்டை உச்சிக்கு ஏற்றி, வேகத்தைக் கொன்று, பலகைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் அமிழ்ந்து, நடுவில் உள்ள கைப்பிடியைப் பற்றுவது. இதிலேயே நிதானம் வேண்டும். ஆனால் சிலர் நிற்காமலே எடுப்பார்கள். அதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். வருகிறவர் குதிகால் ஓரத்தை அழுத்தி வேகத்தைப் பாதியாக்குகிறார். முன்னால் இருக்கும் கை, கைட்டை இயக்கும் பாரின் நடுப்பகுதிக்கு நகர்கிறது. இரு கை வேலையை இனி அந்த ஒரு கை பார்க்கும். முழங்கால்கள் மடிந்து இடுப்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்கிறது. விடுபட்ட கை நீரில் உரசியபடி வந்து, விரல்கள் கைப்பிடிக்குள் நுழைகின்றன. பலகை கனக்கும் அந்தக் கணத்தில் கைட் ஒரு சாண்கூட ஆடக் கூடாது. ஆடினால் இழுப்பு மாறும்; மாறினால் இரண்டு பலகையும் போய்விடும். எடுத்ததுமே அடுத்த நுணுக்கம். பலகையின் முகம் காற்றுக்குத் தெரிந்தால் அது கையைப் பிடுங்கும்; ஓரம் மட்டும் தெரிந்தால் அடங்கி வரும். மணிக்கட்டின் சிறு திருப்பத்தில் அதைச் சரிசெய்துகொண்டு, ஒற்றைக் கையால் கைட்டை ஓட்டியபடி அவர் போய்க்கொண்டிருப்பார்.

இவ்வளவும் திறமை. கலை என்று நான் சொல்வது இதற்கு அடுத்ததை: பலகையை எங்கே விடுவது.

கையில் கொடுத்துவிடலாமே என்று நினைப்போம். கையெட்டும் தூரத்துக்குப் போனால் இருவர் லைன்களும் நெருங்கிவிடும். சிக்கினால் இரண்டு கைட்டும் கட்டுக்கடங்காது. தூக்கி எறியவும் கூடாது. துடுப்புகளும் விளிம்பும் உள்ள பலகை காற்றில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. காற்று வரும் பக்கம் விட்டால், மிதந்து அவரிடம் வந்துசேரும் என்று தோன்றும். வராது. பலகை நகர்வதைவிட வேகமாக அவர் நகர்கிறார், இடைவெளி கூடிக்கொண்டேதான் போகும். சரியான இடம், காற்று போகும் பக்கமாக அவருக்குச் சற்றுக் கீழே. அங்கே விட்டால் காற்றே அவரைப் பலகையிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விடும்போது பலகையைக் கவிழ்த்துவிடுகிறவர்களும் உண்டு. கால்பட்டைகள் நீருக்குள் இருந்தால் பலகை இன்னும் மெதுவாக நகரும்.

அந்த இடத்துக்குப் போக ஒரு பொது விதி கைகொடுக்கிறது. இருவர் ஒருவரையொருவர் கடக்கும்போது, காற்று வரும் பக்கம் இருப்பவர் கைட்டை உயர்த்த வேண்டும், மற்றவர் தாழ்த்த வேண்டும். உலகம் முழுக்க இதுவே வழக்கம். மிதப்பவர் தன் கைட்டை உச்சியில் நிறுத்துகிறார். உதவுகிறவர் தன்னுடையதைத் தாழ்த்திக்கொண்டு அவருக்குக் கீழ்ப்பக்கமாகக் கடக்கிறார், பலகையை விடுகிறார், விலகிப் போகிறார். ஒரு சொல் பேசாமல் இருவரும் ஒருவர் செய்வதை ஒருவர் படித்துச் செய்கிறார்கள். பந்தியில் பழுத்த கை பரிமாறும்போது இலையில் அதது அதனதன் இடத்தில் வந்து விழும், சாப்பிடுகிறவர் கை நகர்த்த வேண்டியிருக்காது. அந்த நேர்த்தி இதில் இருக்கிறது.

பலகையைத் தொடாமலே செய்யும் உதவியும் உண்டு. எனக்கு அதுதான் உச்சம். மிதப்பவருக்குத் தெம்பு இருக்கிறது, ஆனால் பலகை எங்கே என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் பலகை கிடக்கும் இடத்தையே கடந்து போகிறார், திரும்பி வருகிறார், மறுபடியும் கடக்கிறார். அலைக்கு மேலே அவர் உருவமும் அதற்கும் மேலே கைட்டும் தெரிவதால், மிதப்பவருக்குத் திசை கிடைத்துவிடுகிறது. அதை நோக்கிக் குறுக்கும் நெடுக்குமாக ஏறி, தானே போய் எடுத்துக்கொள்கிறார். கற்றுக்கொள்கிற நிலையில் உள்ளவருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. பலகையும் கிடைக்கிறது, தன்னால் முடியும் என்பதும் கிடைக்கிறது.

எதை விட்டுவிடுவது என்று தெரிவதும் இதே ரசனையில் சேரும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பிவிட்டால், அல்லது பொழுது சாய்ந்துவிட்டால், பலகை போனால் போகட்டும் என்று கைகாட்டி ஆளைக் கரைக்கு அனுப்புகிறவர்தான் தேர்ந்தவர். நீருக்கடியில் நீண்ட கம்பமும் கூரிய இறக்கையும் உள்ள ஃபாயில் பலகை என்றால் கையில் ஏந்திக்கொண்டு ஓட்டும் ஆசையே வரக்கூடாது. அதற்குப் படகுதான் சரி.

இந்த விளையாட்டின் பிறப்பை நினைத்துப் பார்த்தால் இந்த அழகு எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். பிரான்ஸின் பிரிட்டனி கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகென்யூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கைட்டின் விசேஷம் அதன் காற்றடைத்த குழாய்கள். துணியால் மட்டும் ஆன கைட் கடலில் விழுந்தால் நனைந்து கனத்து அங்கேயே கிடக்கும். குழாய் வைத்த கைட் மிதக்கும். ஓட்டுகிறவர் தண்ணீரில் இருந்தபடியே, யார் துணையும் இல்லாமல் அதை மறுபடி வானில் ஏற்றலாம். அதன் பிறகுதான் இந்த விளையாட்டு உலகெங்கும் பரவ முடிந்தது. விழுந்தவர் தானாக எழ வேண்டும் என்பது இதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. நன்றாகப் பலகை மீட்கிறவர் அந்த எண்ணத்தைக் கெடுக்காமல் உதவுகிறார். விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அவர் எழுவதற்கு இல்லாமல்போன ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்.

தாவலைப் பள்ளிகள் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கின்றன. அடுத்தவர் பலகையை எடுத்துத் தருவதைப் பெரும்பாலானோர் பார்த்துத்தான் பழகுகிறார்கள். எந்தப் பக்கம் விட வேண்டும் என்று தெரியாமல், நல்ல மனத்தோடு தவறான இடத்தில் பலகையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள். கற்பிட்டியிலும் இராமேஸ்வரத்திலும் புதிதாகக் கைட் பிடிக்கும் நம் பிள்ளைகள் பெருகிவருகிற இந்த நேரத்தில், இருவரை ஒன்றாகத் தண்ணீரில் இறக்கி, ஒருவர் விட்டதை மற்றவர் கொண்டுவந்து வைக்கும் பயிற்சியையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். காற்று, நீரோட்டம், லைன், எதிரே இருப்பவரின் மனநிலை நான்கையும் ஒரே நேரத்தில் படிக்கவைக்கும் பாடம் இந்த விளையாட்டில் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.