சிக்ஸ் பை சிக்ஸ் வந்தால் போதுமா?

தலைக்காயத்திலிருந்து தேறி வருபவர் “படித்தால் எழுத்து ஓடுகிறது, தலை சுற்றுகிறது” என்று சொன்னால், முதலில் நடப்பது எழுத்துப் பலகைச் சோதனைதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே படிக்க வேண்டும். சிக்ஸ் பை சிக்ஸ் வந்துவிட்டால், கண்ணில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

1862இல் டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் வகுத்த இந்த முறையை மட்டம்தட்ட மாட்டேன். செலவில்லை, கிராமத்து முகாமிலும் செய்யலாம், இன்றைய அளவை ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம். அடிபட்டதில் பார்வை நரம்பு பலமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அது ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. மூளையில் அடிபட்டவருக்குப் பல நேரம் கெடுவது இரு கண்ணும் கூடிச் செய்யும் வேலை. கண்ணை அசைக்கும் நரம்புகளில் நான்காவது மிக மெல்லியது. பைக்கிலிருந்து விழுந்த அதிர்ச்சியே அதைக் கெடுத்துவிடும். நேரே பார்க்கையில் ஒருவாறு சமாளிப்பவருக்கு, மாடிப்படி இறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரியும். அதைத் தவிர்க்கத் தலையைச் சாய்த்தே நடப்பார். வீட்டில் கழுத்துப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்பார்கள்! ஒரு கண்ணை மூடியதும் இரட்டைத் தோற்றம் மறைந்துவிடும். பலகைக்கு முன் அவர் நல்ல கண்ணுக்காரர்.

மூளையின் வலப் பின்புறம் அடிபட்டால் இரு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போகலாம். நடுப்பார்வை தப்பினால் கடைசி வரியையும் படித்துவிடுவார். இடப்பக்கம் வரும் ஆட்டோதான் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க முதலில் இயந்திரம்கூட வேண்டாம். மருத்துவர் எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, நாலு மூலையிலும் விரல் காட்டி எத்தனை என்று கேட்டால் பெரிய இழப்பு சில நிமிடத்தில் பிடிபடும். கூட்டம் நெரியும் வெளிநோயாளர் பிரிவில் முதலில் விடுபடுவதும் அந்தச் சில நிமிடம்தான்.

மறுகோடியில் பார்வைப் பயிற்சி விற்பவர்கள். கண்கள் உள்நோக்கிக் குவியாத குறைக்கு, மையத்துக்கு வந்து செய்யும் 12 வாரப் பயிற்சி பலன் தருவதை 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது உண்மை. அதில் சேர்ந்தவர்கள் 9 முதல் 17 வயதுப் பிள்ளைகள். அந்த முடிவை, விபத்தில் அடிபட்ட நாற்பது வயதுக்காரருக்கு அப்படியே பொருத்துவது சரியில்லை. போதாததற்கு, இந்தக் கோளாறுகளில் பல முதல் சில மாதங்களில் தாமாகவே தேறும். நல்ல பெயர் பயிற்சிக்குப் போய்விடும். தானாகத் தேற வாய்ப்பிருப்பதால்தான் இரட்டைப் பார்வைக்கு முதலில், ஒளியைத் திருப்பி இரு காட்சியையும் ஒன்றாக்கும் பிரிஸம் தாளைக் கண்ணாடிமேல் ஒட்டத் தருகிறார்கள், அளவு மாறினால் உரித்து வேறு ஒட்டலாம். முதல் மாதமே நிரந்தர பிரிஸம் கண்ணாடிக்குப் பணம் கட்டச் சொன்னால், என்ன அவசரம் என்று கேட்பதில் தவறில்லை.