ஹோட்டலும் பள்ளிக்கூடமும்

ரமணாசிரமத்துக்கு அருகே, செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து மில்டன் ப்ரீட்மனின் கட்டுரையை மறுபடி படித்தேன். கல்வியில் சர்க்காருக்கு என்ன வேலை என்று அவர் 1955இல் எழுதியது. தெளிவாக எழுதுகிறவர், அதனாலேயே சட்டென்று ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

அவர் கட்சி இதுதான்: படிப்புக்குப் பணம் சர்க்கார் கொடுக்கட்டும், பள்ளிக்கூடத்தைச் சர்க்காரே நடத்த வேண்டியதில்லை. பெற்றோர் கையில் ஒரு சீட்டு. இஷ்டப்பட்ட பள்ளியில் அதைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கலாம். ஹோட்டலில் சுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, சர்க்கார் மேற்பார்வை பார்த்தால் போதும்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1953இல் ராஜாஜி கிராமப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். சட்டசபையைக்கூடக் கேட்கவில்லை. சர்க்காருக்கு அவ்வளவு அதிகாரம் ஆகாதுதான். ஆனால் அன்றைக்கு எதிர்த்தவர்கள் கேட்டது சர்க்கார் பள்ளியிலிருந்து விடுதலையை அல்ல, முழுநாள் பள்ளிக்கூடத்தை. 1954இல் காமராஜ் வந்ததும் திட்டம் போயிற்று.

என் சண்டை அந்த ஹோட்டல் உவமையோடு. இட்லி புளித்திருந்தால் நாளைக்கு அடுத்த கடை. ஒன்றாம் வகுப்பு இரண்டாம் தடவை வருமா? எந்த ஹோட்டல்காரராவது, உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டுவிட்டு இலை போடுகிறாரா?

அந்தச் சீட்டு நம்மிடமும் வேறு பெயரில் இருக்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையோர் பள்ளிகள் நீங்கலாகத் தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தர வேண்டும். தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவுக்கு மேற்படாமல் சர்க்கார் கட்டணத்தைக் கொடுத்துவிடும்.

ஆசிரம வாசலில் பூ விற்கும் அம்மாள் பேத்திக்காக என்னிடம் அதை விசாரித்தாள். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்றேன். அவள் கிராமத்தில் அந்தத் தூரத்தில் இருப்பது பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஒன்றுதான். "அப்ப நான் எதைப் பார்த்து எடுக்கிறது சாமி?" என்றாள்.

கிராமத்தில் போட்டிக்கு இன்னொரு பள்ளி இராது என்பதை ப்ரீட்மனும் ஒப்புக்கொள்கிறார். போக்குவரத்து வளர்ந்ததால் அந்தக் கஷ்டம் குறைந்துவிட்டது என்று தாண்டிப் போய்விடுகிறார். வளர்ந்துதான் இருக்கிறது. அவள் தெரு முனைக்கே இப்போது ஒரு பள்ளி வேன் வருகிறது. சொந்தப் பணம் கட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏறிக்கொள்கிறார்கள்.