பாளையங்கால்வாய் ஏன் படத்தில் இல்லை?

தாமிரபரணி என்று இன்ஸ்டாகிராமில் தேடிப் பாருங்கள். பாபநாசத்துப் பாறைகள், பால் மாதிரி வழியும் தண்ணீர், குறுக்குத்துறை முருகன் கோயில், அந்தி வெளிச்சத்தில் சுலோச்சன முதலியார் பாலத்தின் 11 வளைவுகள். அழகுதான், நானும் லைக் போடுகிறவன்தான். ஆனால் இருபது படம் தாண்டியதும் ஒன்று உறைக்கும்: இந்த ஆற்றங்கரையில் மனுசங்களே குடியிருக்கவில்லை போல. பாபநாசத்தில் பரிகாரமென்று ஆற்றோடு விட்ட துணிகள் இல்லை. 1843இல் திறந்த பாலத்தை ஒட்டி நிற்கும் புதுப் பாலமும் இல்லை. கவனத்தைச் சிதறடிப்பதை வெட்டு என்பதுதானே நாம் படிக்கும் முதல் பாடம்!

இந்தப் பார்வை செல்போனோடு வந்ததல்ல. 1792இல் தெற்கே வந்த தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். கேமரா அப்ஸ்க்யூராவைத் துணைக்கு வைத்து வரைந்தவர்கள் அவர்கள். அந்த அருவி பிறகு லண்டனில் 'ஓரியண்டல் சீனரி' வரிசையில் அச்சானது. தூரத்தில் இருக்கிறவர் வாங்கி ரசிப்பதற்கான இயற்கை அது. நாம் உள்ளூரில் இருந்துகொண்டே அந்தத் தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் என் புகார்.

அதற்காக வெட்டுவதே பாவம் என்று சொல்லவில்லை. கிராப்பை வெறுத்த கார்த்தியே-ப்ரெஸோனே 1932இல் பாரிஸில் எடுத்த, குட்டையைத் தாண்டும் மனிதரின் படத்தை வெட்டினார். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் நெகட்டிவின் இடப்பக்கம் பலகை மறைத்திருந்தது. பலகை போனது. குட்டையும் அதில் கிடந்த ஏணியும் இருந்தன. படத்துக்கு எது உயிர் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மேலப்பாளையத்துக்கு வருவோம். ஊருக்குள் ஓடும் பாளையங்கால்வாயும் தாமிரபரணித் தண்ணீர்தான். அங்கே எடுத்த ஒரு படத்தை இரண்டு விதமாக வெட்டிப் பார்த்தேன். மேல்பாதியில் வானம், தென்னை, பள்ளிவாசல் மினார். ரொம்ப சுத்தம். ஆனால் அது எந்த ஊராகவும் இருக்கலாம். கீழ்ப்பாதியை விட்டுவைத்தால் ஆகாயத்தாமரை அடைத்த கால்வாய், சுவரில் காயும் சேலைகள். கொஞ்சம் அலங்கோலம், ஆனால் இது மேலப்பாளையம்.

ஒரு சின்னக் கணக்கு. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால் 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும். அதைவிட முக்கியம், எவ்வளவு வெட்டினாலும் பெர்ஸ்பெக்டிவ் மாறாது, நின்ற இடம் மாறினால்தான் மாறும். கால்வாய்ச் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து எடுத்தால், அசிங்கம் என்று வெட்டப் பார்த்த அதே கால்வாய் கண்ணைக் கையைப் பிடித்து மினார் வரைக்கும் கூட்டிப் போகும். அப்புறமும் கை துறுதுறுத்தால் வானத்தில் வெட்டுங்கள். அன்றைக்கு அங்கே ஒரு மேகம்கூட இல்லை.