ஏழு பேருக்கு இரண்டு பயிற்சியாளர்கள்

2024இல் புரோ கபடி லீக்கின் 11ஆவது சீசனுக்குத் தமிழ் தலைவாஸ் அணி இருவரை ஒன்றாக அமர்த்தியது. உதயகுமார் தலைமைப் பயிற்சியாளர். தர்மராஜ் சேரலாதன் வியூகப் பயிற்சியாளர். முன்னவர் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருபவர். பின்னவர் நாற்பது வயதைத் தாண்டியும் கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தவர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அதன் கேப்டன்.

கேட்கவே நன்றாக இருந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துச் சேரலாதன் பேசினால், ஆடுகளத்திலிருந்து அப்போதுதான் இறங்கி வந்தவரின் பேச்சாக இருக்கும். எந்த ரெய்டர் எந்தக் காலை முதலில் நீட்டுவார் என்பது அவர் உடம்புக்கே தெரியும். தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பதைவிட இது நிச்சயம் மேல். முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 44-29 என்று வீழ்த்தியபோது நம்பிக்கை கூடியது. முடிவில் 22 ஆட்டங்களில் எட்டே வெற்றி, ஒன்பதாம் இடம். அந்தச் சரிவுக்கு இந்த ஏற்பாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் ஏற்பாட்டுக்குள்ளேயே ஓர் இடறல் இருக்கிறது: கபடியில் பொறுப்பை இருவருக்குப் பிரித்துக் கொடுப்பது எளிதல்ல.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலுக்குப் பதினொரு பேர், தடுப்புக்கு வேறு பதினொரு பேர். தலைமைப் பயிற்சியாளர் தாக்குதலை ஓர் இளைஞர் கையில் முழுதாக ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கபடியில் பாடிப் போனவனே திரும்பி வந்து சங்கிலி கோக்க வேண்டும். இரண்டு ரெய்டை வெறுமனே முடித்துவிட்டு மூன்றாவதில் துணிவது ரெய்டரின் விருப்பம் மட்டுமல்ல. முன்னிலையைக் காப்பதும், உள்ளே இருக்கும் ஆட்களைக் காப்பதும் அதற்குள் இருக்கிறது. மூன்று பேர் மிஞ்சியிருக்கும்போது, கூடுதல் புள்ளி தரும் சூப்பர் டேக்கிளுக்காகக் காத்திருப்பதா, ரெய்டரைப் பிடிக்காமல் திரும்ப விட்டுவிட்டு அடுத்த ரெய்டில் ஒருவரை மீட்பதா? இதில் தாக்குதல் எது, தடுப்பு எது என்று கோடு போட முடியாது.

திட்டக்குடி, பெண்ணாடம் பக்கத்து ஊர்களில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டிகளில் இந்தச் சிக்கல் கண்ணெதிரே தெரியும். கோட்டுக்கு வெளியே ஊர்ப் பெரியவர், "நேரத்தைக் கடத்துடா" என்பார். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் படித்துவிட்டு வந்த தம்பி, "உள்ளே போ, கவரைத் தொடு" என்று கத்துவான். பையன் நடுக்கோட்டைத் தாண்டிய பிறகும் தலையைத் திருப்புவான். முப்பது விநாடியில் நாலைந்து விநாடி அங்கேயே போய்விடும். அந்த இடைவெளி போதும், இடது கார்னர் பாய்ந்துவிடுவான்.

பெரியவரின் பொறுமையும் தம்பியின் வேகமும் அணிக்கு வேண்டும். அவை கலக்க வேண்டிய இடம் காலைப் பயிற்சி. அங்கே இருவரும் எவ்வளவு வேண்டுமானாலும் மோதிக்கொள்ளட்டும். அப்படி மோதாத அணி வளராது என்றே நினைக்கிறேன். விசில் ஊதிய பிறகு கேட்க வேண்டியது ஒரே குரல்.

இளைய பயிற்சியாளரிடம் ரெய்டை மட்டும் பிரித்துக் கொடுப்பது அரைகுறைப் பொறுப்பு. அதற்குப் பதில் ஓர் ஆட்டத்தின் முதல் பாதி முழுவதையும், ரெய்டு, பிடி, ஆள் மாற்றம் எல்லாவற்றோடும், அவரிடமே விட்டுப் பார்க்கலாம். வரும் பொங்கலுக்கு அணி இறக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசி ஐந்து நிமிடம் யார் சொல்வதைக் கேட்பது என்பதைப் பையன்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.