நீரும் நிலமும்: கல்லோயா மதிப்பீடு பற்றிய ஒரு நோக்கு

கிராமிய அபிவிருத்திக்கென நாடுகளிடையே நடைபெறும் கூட்டுத் திட்டங்களின் மதிப்பீடுகள் பெரும்பாலும் ஏக்கர், விளைச்சல், செலவு என்னும் கணக்குகளோடு முடிவடைகின்றன. அவ்வழக்கிலிருந்து விலகிய நூல் என்ற வகையில், கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட 'கல்லோயாவிலிருந்து கற்றல்' நமது கவனத்திற்குரியது. மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே விரிந்த வயல்வெளிகளின் வாழ்வோடு பிணைந்த திட்டமொன்றையே அது ஆராய்கின்றது.

பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கும் கல்லோயாவை மறித்து அணைகட்டும் திட்டம் 1949இல் ஆரம்பமாயிற்று. அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. இங்கினியாகலை அணையைக் கட்டியதும் ஓர் அமெரிக்க நிறுவனமே. அணையோடு குடியேற்றமும் வந்தது. 1956இல் அங்கு இன வன்செயல் வெடித்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. எனவே இங்கு நீர்ப்பங்கீடு என்பது வெறும் பொறியியற் பிரச்சினையன்று.

அப்ஹொஃப் விவரிப்பது பிற்பட்ட கட்டத்தையாகும். சிதைவுற்ற இடதுகரை வாய்க்கால்களை அமெரிக்க உதவியுடன் புனரமைத்தபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெலும் இணைந்து, 1981 முதல் இளம் ஒழுங்கமைப்பாளரைக் கிராமங்களுக்கு அனுப்பின. நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைந்திருந்த வேளையிலும், வாய்க்காலின் தலைப்பகுதி விவசாயிகள் முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சப்படுத்திய நீரைக் கடைப்பகுதிக்கு விட்டனர். சிங்கள விவசாயிகள் தமிழ் விவசாயிகளுக்கும் நீர் கிடைக்க வழிசெய்தனர். அமெரிக்கப் பணம் என்ற ஒரே காரணத்தால் திட்டம் முழுவதையும் ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என ஒதுக்கும் முற்போக்காளர், உழைக்கும் மக்களின் இச்செயலையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றனர்.

ஆயின் அச்செயலுக்கு அப்ஹொஃப் தரும் விளக்கம் நமக்கு உடன்பாடானதன்று. பிறர்நல நாட்டம், நட்புணர்வு ஆகியவற்றை முதன்மைப்படுத்தும் அவர், நவீன பௌதிகவியலின் கருத்துக்களையும் துணைக்கழைக்கிறார். அவ்வுணர்வுகள் மெய்யானவையே. எனினும் குடியேற்றவாசிகள் தொடக்கத்தில் அரசிடமிருந்து ஒத்த அளவான காணிகளைப் பெற்றவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. சமநிலையை அண்டிய நிலவுடைமையே நீரைப் பகிர்வதற்கான களத்தை அமைத்தது எனலாம்.

படுவான்கரையின் நிலை வேறு. போடியாரின் வயலைக் குத்தகைக்குச் செய்பவனும் கூலிக்கு உழைப்பவனும் கூடி வாய்க்காலைத் திருத்தினால், பெருகும் விளைச்சல் எவரைச் சேரும்? 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளரின் உரிமையை முன்வைத்து இவ்வினாவைத் தொட்டது. நடைமுறையில் அது வலுவிழந்தது. கல்லோயாவில்கூட, நிரந்தர நியமனம் பெறாத ஒழுங்கமைப்பாளர் பலர் ஆசிரியத் தொழிலை நாடி விலகினர். மக்கள் காட்டிய கூட்டுறவுக்கு ஈடான உறுதியை அரசு காட்டவில்லை.

2009இல் போர் முடிந்தபின் வாவியின் இருகரைகளிலும் வெளிநாட்டு உதவித் திட்டங்கள் பல வந்துள்ளன. அவற்றை மதிப்பிடுவோர் மக்கள் பங்குபற்றினரா என்று வினவுவதற்கு அப்ஹொஃபின் நூல் வழிகாட்டுகிறது. நிலம் எவருடையது என்ற வினாவையும் அதனோடு இணைப்பது நமது கடமையாகும்.