பாலை வழியும் பர்மா வழியும்

நம்முடைய நாவல்களில் கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்கள் கிளம்புகிறார்கள். அப்புறம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நடுவில் என்ன ஆயிற்று என்று தேடினால், அத்தியாயத்தின் கடைசியில் அச்சுக்கூடத்தார் போட்டிருக்கும் மூன்று நட்சத்திரங்கள்தான் அகப்படும். நட்சத்திரங்களுக்கு மேலே ஊர் எல்லையில் ஓர் ஆத்தாள் அழுதுகொண்டிருப்பாள். நட்சத்திரங்களுக்குக் கீழே தோட்டத்து லயத்தில் பொழுது விடிந்திருக்கும்.

இதைக் கதாசிரியனின் சௌகரியம் என்று விட்டுவிடலாம். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவன் உரிமை. ஆனால் நூறு வருஷத்துக்குக் குறையாமல் லட்சக்கணக்கான பேர் நடந்த வழியை, அவர்களில் எத்தனையோ பேர் மாண்டுபோன வழியை, ஒரு பாஷையின் கதாசிரியர்கள் ஏறக்குறைய எல்லோருமே விட்டுவிட்டால் அதை உரிமை என்று சொல்ல முடியாது. குறை என்றுதான் சொல்லவேண்டும்.

அமெரிக்கர்களுக்கு இந்தக் குறை இல்லை. 1840-களிலிருந்து, கண்டத்துக்குக் குறுக்கே ரயில் வந்த 1869 வரையில், மிஸௌரி நதிக்கரையிலிருந்து மேற்கே ஆரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் மூன்று நான்கு லட்சம் பேர் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். சுமார் 2,000 மைல். ஐந்தாறு மாதப் பிரயாணம். சினிமாவில் பார்த்தால் வண்டிகளைச் சுற்றிச் செவ்விந்தியர்கள் குதிரைமேல் வந்து அம்பு எய்வார்கள். நிஜத்தில் அந்த ஜனங்களைக் கொன்றது பெரும்பாலும் காலரா. அதற்கடுத்தபடி ஆற்று வெள்ளம்; ஓடும் வண்டியிலிருந்து விழுந்து சக்கரத்தில் அகப்படுவது; கை தவறி வெடித்த துப்பாக்கி. யார் அம்பு எய்ததாகச் சொன்னார்களோ அவர்களுடைய நிலத்தைத்தான் இவர்கள் பிடிக்கப் போனார்கள் என்ற விஷயத்தை அமெரிக்க இலக்கியம் வெகுகாலம் மென்று விழுங்கிற்று. ஆனால் வழியை அது விழுங்கவில்லை.

1846-ல் டானர் குடும்பத்தாரோடு கிளம்பிய ஒரு கூட்டம், குறுக்கு வழி என்று யாரோ சொன்னதை நம்பிப் போய், ஸியரா நெவாடா மலையில் பனியில் மாட்டிக்கொண்டது. 87 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டார்கள். மிஞ்சியவர்களில் சிலர் செத்தவர்களின் மாமிசத்தைத் தின்று பிழைத்தார்கள். அந்த 87 பேருக்கும் இன்று பெயர் இருக்கிறது. பாட்ரிக் ப்ரீன் என்பவர் பனிக்கு நடுவில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினார். வர்ஜீனியா ரீட் என்ற சிறு பெண், தப்பி வந்தபிறகு ஊரிலிருந்த தன் உறவுக்காரப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதினாள். அமெரிக்கக் கதாசிரியன் கையை நீட்டினால் போதும், சரக்கு அகப்படும்.

நம்முடைய வழிகளைப் பார்ப்போம். 1830-களிலிருந்து இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குத் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து ஆள் போயிற்று. கடற்கரை வரைக்கும் நடை. தோணியில் மன்னார்ப் பக்கம். அங்கிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி வரைக்கும் சுமார் 150 மைல் காட்டுவழி. தண்ணீர் இல்லாத வறண்ட காடு. யானை, சிறுத்தை. காய்ச்சல், காலரா, அம்மை. கூட்டத்தில் ஒருவன் விழுந்துவிட்டால் அவனை மரத்தடியில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்ததுண்டு. 1840-களில் இப்படி வந்தவர்களில் 70,000 பேர் மாண்டிருப்பார்கள் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849-ல் கணக்குச் சொல்லிற்று. மிகை என்று மறுத்தவர்களும் உண்டு. மறுப்பவர்களும் மாண்டவர்கள் கொஞ்சம்பேர்தான் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

அடுத்தது பர்மா வழி. காவிரிப் படுகையில் நாற்றுப் பிடுங்கக் கற்றவர்களில் சிலர் ஐராவதிப் படுகை வயலுக்குப் போனார்கள். ரங்கூன் துறையில் மூட்டை தூக்கினவர்கள், கடை வைத்தவர்கள், செட்டியார்களின் லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர்கள் என்று தமிழர் பலவிதம். 1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானியர் ரங்கூன்மேல் குண்டு போட்டார்கள். 1942 மார்ச் 8-ல் நகரம் விழுந்தது. அந்த வருஷம் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் போக மற்றவர்கள் நடந்தார்கள். புரோமிலிருந்து டௌங்கப் கணவாய் தாண்டி அரக்கான் கரைக்கு ஒரு வழி; மாந்தளையிலிருந்து கலேவா, தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு வழி; மழைக்காலம் பிறந்தபின் வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கின் சேற்றில் ஒரு வழி. டௌங்கப்பில் காலரா. ஹூக்காங்கில் பசி, அட்டை, காய்ச்சல். வெள்ளைத் தோலுக்கு ஒரு பாதை, கறுப்புத் தோலுக்கு ஒரு பாதை என்று பிரித்து விட்டார்கள் என்ற புகார் அப்போதே இந்தியாவில் பெரிதாக எழுந்தது. செத்தவர்கள் பத்தாயிரம் என்பாருண்டு, ஐம்பதாயிரம் என்பாருண்டு, அதற்கும் மேலே என்பாருண்டு. டானர் கூட்டத்தில் 87 பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். நம்மவர்களில் பதினாயிரம் இருபதினாயிரம் பேர் கூடுதலா குறைவா என்றே நிச்சயமில்லை.

அவர்களுக்கு எழுதத் தெரிந்தது, நம் கூலிகளுக்குத் தெரியாது, அதுதான் காரணம் என்று சொல்வார்கள். கண்டி வழிக்கு இது பொருந்தும். அங்கே எழுதத் தெரிந்தவன் கங்காணி ஒருவன்தான். அவன் எழுதியது கணக்கு. நடந்தவர்கள் அந்தக் கணக்கில் பற்றாக மட்டுமே இருந்தார்கள். ஆனால் பர்மா வழியில் நடந்தவர்களில் குமாஸ்தாக்கள் இருந்தார்கள், உபாத்தியாயர்கள் இருந்தார்கள், பத்திரிகாசிரியர்களே இருந்தார்கள். ரங்கூனில் 'ஜோதி' என்ற பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா மனைவியுடன் கால்நடையாகத்தான் இந்தியாவுக்கு வந்தார். 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்று பின்னால் எழுதியும் வைத்தார். பிளேட்டோவையும் ரூஸ்ஸோவையும் தமிழில் தந்தவர், தன் கால் கொப்புளத்தையும் எழுதத் தகுந்த விஷயமாகக் கருதினாரே, அது பெரிய காரியம். அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு நாவலாசிரியர் கூட்டமே கிளம்பியிருக்க வேண்டாமோ? கிளம்பவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் ஒருவர், தாம் அறிந்த பர்மாவையும் அங்கே போர் கலைத்துப்போட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தையும் வைத்து 'மா-னீ' எழுதினார். 'புத்தம் வீட்'டைப் படித்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

எல்லோரும் அறிந்த உதாரணம் 'பராசக்தி'. 1952-ல் வந்த படம்; வசனம் நம் பக்கத்துத் திருக்குவளைக்காரருடையது. ரங்கூனிலிருந்து திரும்புகிற சகோதரர்களைப் பற்றிய கதை. அதில் ஒருவன் வழியில் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான். ஆனால் வழி அந்தப் படத்தின் விஷயம் அல்ல. வந்து சேர்ந்த நாடு எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். கோர்ட்டில் பேசிய பேச்சு ஜனங்களுக்கு மனப்பாடம். கால் போன இடம் எதுவென்று யாரும் கேட்டதில்லை.

இலங்கைக் கதைகளிலும் இதே வழக்கம். 1935-ல் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி'யின் கனமெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் இறங்குகிறது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் அப்படித்தான். இரண்டும் எனக்கு மதிப்புள்ள எழுத்து. அந்தத் தோட்டம் அவ்வளவு பெரிய துக்கம். அது வழியின் துக்கத்தை விழுங்கிவிட்டது என்பதைப் புரிந்துகொள்ளலாம். அமெரிக்கனுக்கு வழியின் கோடியில் சொந்த நிலம் இருந்தது. ஆகவே பட்ட கஷ்டமெல்லாம் பின்னால் பெருமையாகிவிட்டது. பேரன் மேடையேறிச் சொல்லிக்கொண்டான். நம்மவனுக்கு வழியின் கோடியில் வேறொருவன் தோட்டம். நடந்ததற்குக் கிடைத்தது மறுநாள் விடியற்காலைப் பெரட்டு. அதை என்னவென்று பேரனிடம் சொல்லுவான்?

வழியை வழியாகவே எழுதிய ஒரு நாவல் நமக்கு உண்டு. 1972-ல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. தொங்கானில் கடல் கடக்கிறவர்களைப் புயல் பிடிக்கிற பகுதியைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கே கரை என்ற நினைப்பே போய்விடுகிறது. அலை இருக்கிறது, கயிற்றைப் பிடித்த கை இருக்கிறது, வேறில்லை. ஆனால் அதிலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புயலில் போகிறவர்கள் துணிந்த ஆண்பிள்ளைகள். இடுப்பில் குழந்தை இல்லை. நடக்கமாட்டாத தாயார் இல்லை. பர்மா வழியும் கண்டி வழியும் அப்படியல்ல. அங்கே நடந்தவற்றில் குடும்பங்களும் உண்டு.

ஓர் ஆட்சேபணையை எதிர்பார்க்கிறேன். வழியில் நடப்பது வெறும் விபத்து. காலரா வந்தது, செத்தான் என்பதில் என்ன கதை இருக்கிறது, நாவலுக்கு மனித மனத்தின் போராட்டம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு சில்லறைக் கங்காணியை எடுத்துக்கொள்வோம்.

அவன் ஊருக்கு அன்னியன் அல்ல. கூட்டத்தில் பாதிப்பேர் அவன் ஜாதி, ஊரார், உறவு. அண்ணன் என்றும் மாமா என்றும்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள். துரை கொடுத்த முன்பணத்திலிருந்து ஒவ்வொருவனுடைய பழைய கடனையும் அடைத்து, வழிச்செலவுக்கும் கொடுத்து அழைத்துப் போகிறான். மூன்றாம் நாள் நடையில் அவன் மச்சான் வாந்தியெடுத்துக் கீழே உட்கார்ந்துவிடுகிறான். காத்திருந்தால் நோய் எல்லோருக்கும் பரவும், அரிசி தீரும், தோட்டத்தில் சொன்ன நாளுக்குப் போக முடியாது. விட்டுவிட்டுப் போனால் மச்சான் பேரில் உள்ள பற்று என்ன ஆவது? அதற்கும் வழி இருந்தது. செத்தவன் கடன் உறவுக்காரன் தலையில் ஏறும். அப்படியானால் அந்தத் தொகையை விதவையின் பேரில் எழுதவேண்டியவன் அவளுடைய கூடப்பிறந்தவனே. அவளும் பத்தடி பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறாள். இதைவிடப் போராட்டம் ஒரு நாவலாசிரியனுக்கு என்ன வேண்டும்? 'துண்டு' என்ற கடன் சீட்டு முறையை 1921-ல் ஒழித்தார்கள். அது ஒழிந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. இந்தக் கங்காணியை முழு மனிதனாக இன்னும் நாம் பார்க்கவில்லை. கதைகளில் அவன் மீசையும் பிரம்பும் மட்டும்தான்.

அந்த வழியில் நடக்காதவன் எப்படி எழுதுவது என்று இன்னொரு கேள்வி வரும். இதற்குப் பதிலை எங்கள் ஊரிலேயே ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குடவாசலின் பழம்பெயர் குடவாயில். சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனார் இந்த ஊர்க்காரர். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் வயலும் வாய்க்காலும்தான். கல்லைப் பார்க்கவேண்டுமானால் கோயிலுக்குப் போகவேண்டும். ஆனால் அகநானூற்றில் அவர் பாடியிருப்பவற்றில் பாதிக்கு மேல் பாலைத்திணை. அவர் ஒருவர் மட்டுமல்ல; அகநானூற்றின் 400 பாட்டில் 200 பாட்டு, ஒற்றைப்படை எண்ணெல்லாம், பாலைக்கே ஒதுக்கியவை.

பாலை என்றால் பிரிவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரிவுதான். ஆனால் அந்தப் பிரிவு ஒரு வழியின்மேல் நடக்கிறது. வற்றிய சுனை, பட்டை உரிந்த மரம், ஆறலை கள்வர், அவர்கள் கையில் மாண்ட வழிப்போக்கன், அவன்மேல் குவித்த கல்லும் தழையும். முன்பின் தெரியாத ஒருவன் செத்துக் கிடந்த இடத்தைக் காதல் பாட்டுக்குள் வைத்துப் பாடினார்கள் நம் முன்னோர்கள். அதையும் பெரும்பாலும் யார் வாயில் வைத்தார்கள்? நடந்தவன் வாயில் அல்ல. வீட்டில் இருப்பவள் வாயில், அவள் தோழி வாயில், மகளைப் பறிகொடுத்த தாயின் வாயில். போனவன் இப்போது எந்தக் காட்டில் இருப்பானோ என்று திண்ணையில் இருந்து நினைக்கிற மனந்தான் பாலைப் பாட்டு. வழியைப் பார்க்காதவர்கள் வழியைச் சொல்வதற்கென்றே ஒரு முறையை உண்டாக்கி, அதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பழுதில்லாமல் கையாண்ட பாஷை இது.

ஆகவே நாட்குறிப்பு இல்லை, கடிதம் இல்லை என்ற சாக்கு நமக்குச் செல்லாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன் பினாங்கில் இறங்கினானா என்று தெரியாமல் இருந்தவள் நன்னிலம் பக்கத்தில் எத்தனை பேர்? பர்மாவிலிருந்து மணியார்டர் வந்துகொண்டிருந்து, 1942-ல் நின்றுபோய், தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்று நிச்சயம் தெரியாமலே கிழவியானவள் எத்தனை பேர்? அவள் பார்வையில் எழுதட்டும். தோட்டம் வரைக்கும் கதை போகவேண்டியதில்லை. வீடு வந்து சேரவேண்டியதும் இல்லை. டௌங்கப் கணவாயில் பத்து நாள் போதும், நானூறு பக்கத்துக்கு.

ஆனால் தாமதிக்க நேரமில்லை. அந்த வருஷம் எட்டு வயதாயிருந்த குழந்தைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. காவிரிப் படுகையிலும் செட்டிநாட்டிலும் அப்படி நடந்து வந்தவர்கள் ஒரு சிலராவது இன்னும் இருக்கக்கூடும். அவர்களிடம் போகிறவர்கள் பர்மாத் தேக்கைப் பற்றியும் ரங்கூன் பகோடாவைப் பற்றியுமே கேட்கிறார்கள். எழுத நினைக்கிறவர்கள் கேட்கவேண்டியது வேறு. எத்தனை பேராகக் கிளம்பினீர்கள், எத்தனை பேராக வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில பேருடைய பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.